நூலிழையும் சதவீதமும்

'டி பிரேசி டோண்டோ' எனப்படும் வட்ட வடிவ ஓவியம் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரஃபேலின் கைவண்ணமே என்று, பிரிட்டனின் பிராட்ஃபோர்டு, நாட்டிங்காம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அதிலுள்ள மாதாவின் முகத்தையும், ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள ரஃபேலின் 'சிஸ்டைன் மடோனா'வின் முகத்தையும் முகமறி மென்பொருளால் ஒப்பிட்டபோது 97 சதவீத ஒற்றுமை கிடைத்தது என்பதே பெரிதாகப் பேசப்பட்ட சான்று. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று தன்னுடைய செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அதே ஓவியத்தை ஆராய்ந்து, அது ரஃபேலுடையது அல்ல என்பதற்கு 85 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சொன்னது.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு, ஓவியங்களைக் கணினியால் ஆராயும் இந்தத் துறையே வீண் என்று பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஓவிய ஆய்வில் கணினி செய்திருக்கும் வேலையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, கித்தானின், அதாவது ஓவியம் தீட்டப்படும் துணியின், நூலிழைகளை எண்ணும் பணி. பழைய ஓவியர்கள் வண்ணம் தீட்டுவதற்கு முன் கித்தானின் மீது ஈய வெள்ளை கலந்த அடிப்பூச்சைப் பூசினார்கள். அந்தப் பூச்சு நெசவின் பள்ளங்களில் தங்கியிருப்பதால், எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால் வண்ணங்களுக்கு அடியில் ஊடும் பாவும் தெளிவாகத் தெரிகின்றன. முன்பு ஆய்வாளர்கள் உருப்பெருக்கியும் அளவுகோலுமாக ஒரு சில இடங்களில் மட்டும் இழைகளை எண்ணினார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஜான்சனும் ரைஸ் பல்கலைக்கழகத்து டான் ஜான்சனும், ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தோடு இணைந்து, இந்த எண்ணிக்கையை ஃபூரியே உருமாற்றத்தின் (திரும்பத் திரும்ப வரும் அமைப்பைப் பிரித்தறியும் கணித முறையின்) வழியே ஓவியப் பரப்பு முழுவதற்கும் கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். தறியில் இழைகளின் நெருக்கம் ஒருபோதும் சீராக இருப்பதில்லை. அந்த ஏற்ற இறக்கம் ஒரே துணிச்சுருளிலிருந்து வெட்டிய துண்டுகளில் தொடர்ந்து வருவதால், எந்த ஓவியமும் எந்த ஓவியமும் ஒரே சுருளில் பிறந்தவை என்று வரைபடத்தை ஒட்டிவைத்தே காட்டிவிடலாம்.

இந்த முறையில் நான் விரும்புவது, அதன் எல்லை அதற்குள்ளேயே தெரிவதைத்தான். 1888-ல் பிரான்சின் ஆர்ல் நகரில் ஓவியர் கோகன் வாங்கிய 20 மீட்டர் சணல் துணியில் அவரும் வரைந்தார், வான்கோவும் வரைந்தார். அங்கே துணி ஒன்று, கை இரண்டு. ஆகவே துணி பொருந்துவது ஆதரவான சான்றே தவிரத் தீர்ப்பு ஆகாது. 'மோன்மாஜூரில் சூரிய அஸ்தமனம்' என்ற ஓவியத்தை 1991-ல் வான்கோவுடையது அல்ல என்று ஒதுக்கிய அதே அருங்காட்சியகம், 2013-ல் அது அவருடையதே என்று ஏற்றுக்கொண்டது. கித்தானும் அடிப்பூச்சும் அவருடைய 'பாறைகள்' ஓவியத்தோடு ஒத்துப்போயின. 1888 ஜூலையில் அவர் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த நிலக்காட்சி வர்ணிக்கப்பட்டிருந்தது. ஓவியத்தின் பின்புறமிருந்த 180 என்ற எண், தியோவின் சேகரிப்புப் பட்டியலோடு பொருந்தியது. ஒவ்வொன்றையும் வேறொருவர் எடுத்துச் சரிபார்க்க முடியும்.

97 சதவீதத்தை எப்படிச் சரிபார்ப்பது? முகம் ஒத்திருக்கிறது என்றால் முகம் ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். நன்றாக நகலெடுத்தவன் வரைந்த முகமும் ஒத்துத்தானே இருக்கும்? இன்னொரு இடர், இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுக்கப்படும் ஓவியங்களிலேயே இருக்கிறது. ஹான் வான் மீகரன் வரைந்த 'எம்மாவுஸில் இரவு உணவு' என்ற போலியை, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் பற்றிய ஆய்வில் பெரிய வல்லுநராகக் கருதப்பட்ட ஆபிரகாம் பிரடியஸ் 1937-ல் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று போற்றினார். ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் அதை வாங்கியது. அதன்பின் மீகரன் வரைந்த போலிகள், உண்மையான வெர்மீரைவிட இந்த 'எம்மாவுஸை' ஒத்திருந்ததாலேயே ஏற்கப்பட்டன. 1945-ல் கைதான பிறகு மீகரனே ஒப்புக்கொள்ளும்வரை இது நீடித்தது. வெர்மீருடையவை என்று இன்று ஏற்கப்படுபவை நாற்பதுக்கும் குறைவு. அன்றைய அதிகாரபூர்வப் பட்டியலைக் கொண்டு ஓர் இயந்திரத்தைப் பழக்கியிருந்தால், அது போலியையும் சேர்த்தே கற்று, அடுத்த போலிக்கு உயர்ந்த சதவீதம் கொடுத்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

முறை பிழைபடுவதைக் குறையாக நான் சொல்லவில்லை. வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் சொட்டுகளில் ஃபிராக்டல் ஒழுங்கு, அதாவது பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரே போன்ற வடிவம் திரும்ப வரும் ஒழுங்கு, இருப்பதாக ரிச்சர்ட் டெய்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இதழில் 2006-ல் கேத்தரின் ஜோன்ஸ்-ஸ்மித்தும் ஹர்ஷ் மாத்தூரும், எளிய நட்சத்திரக் கிறுக்கல்கள்கூட அந்த அளவுகோலில் தேறிவிடுகின்றன என்று காட்டினார்கள். அந்த விவாதம் இருதரப்பிலும் தொடர்ந்தது. அளவுகோல் வெளிப்படையாக இருந்ததால்தான் அப்படி ஒரு மறுப்பு சாத்தியமானது.

'டி பிரேசி டோண்டோ' பற்றி மீண்டும் ஓர் எண் அறிவிக்கப்படுமானால், அதோடு சேர்த்து ஒன்றை வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். 'சிஸ்டைன் மடோனா'வைப் பார்த்துப் பிற்காலத்தவர் வரைந்த நகல்கள் ஏராளம் உண்டு. நகல் என்று ஐயமின்றித் தெரிந்தவற்றில் சிலவற்றை அதே மென்பொருளுக்குக் கொடுத்து, அவற்றுக்கு எத்தனை சதவீதம் வந்தது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.