ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம்தானா?

"ஆயுள் தண்டனை வெறும் 14 வருடம். அதிலும் சிறையில் பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள் என்று கணக்கு. ஏழே வருடத்தில் வெளியே வந்துவிடலாம்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி முழுக்கத் தவறு.

முதலில் பகல், இரவு கணக்கு. அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. சிறையிலும் ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். நன்னடத்தைக்காகச் சில நாட்களைக் கழிக்கும் வழக்கம் உண்டு, அது வேறு.

அடுத்து அந்த 14. ஆயுள் தண்டனை என்றால் உயிர் உள்ளவரை சிறை என்று காந்தி கொலையில் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, 14 எங்கிருந்து வந்தது? மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டுகள் முழுதாகச் சிறையில் கழிக்காமல் அரசு விடுவிக்கக் கூடாது. 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 433ஏ பிரிவு சொல்வது இதுதான். இப்போதைய புதிய சட்டத்தில் அது 475ஆம் பிரிவு. நன்னடத்தைக் கழிவுகூட இந்த 14ஐக் குறைக்காது. அதாவது 14 என்பது குறைந்தபட்ச வரம்பு. அது முடிந்தாலும் விடுதலை தானாக வராது, அரசு முடிவெடுக்க வேண்டும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை நினைத்துப் பாருங்கள். 1991இல் கைதானார். 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர் தாய் அற்புதம்மாள் மகனுக்காக அலைந்தது ஏறக்குறைய 31 வருடம். அந்தத் தாயிடம் போய் ஏழு வருடம் என்று சொல்ல முடியுமா?