அந்தப் பாய்க்கு என்ன குறை?

ஞாயிறு மாலையிலிருந்து அந்தப் படம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. யார் போட்டார், என்ன எழுதினார் என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்கள்தான். கொழும்பில் கடலோரப் புல்வெளியான காலி முகத்திடலில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சல் சாப்பிடும் ஒரு குடும்பம். முதுகுப்பக்கமாக, அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த படம். மேலே 'பூங்காவா, பந்தியா?' என்று ஒரு வரி.

ஐயா, திடல் இருப்பதே உட்காருவதற்குத்தான்.

ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் கடல், நடுவே புல். அதில் உட்காராமல் வேறு என்ன செய்வதாம்? ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களையும் பிள்ளைகளையும் முன்னிட்டு இதைப் பேணுங்கள் என்று அடுத்து வரும் ஆளுநர்களுக்குக் கல்லில் பொறித்து வைத்தார். அவர் மனதில் இருந்த பெண்கள் குடை பிடித்த சீமாட்டிகளாகவே இருக்கட்டும். பாயோடு வருபவர்கள் நீங்கலாக என்று அந்தக் கல்லில் இல்லை.

நாங்கள் வெள்ளவத்தையில் ஒன்றரை அறையில் ஆறு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு 100ஆம் இலக்க பஸ்ஸில் போவோம், அம்மாவின் கக்கத்தில் சுருட்டிய பாய் இருக்கும். அப்பா ஒரு பட்டம் வாங்குவார், ஒன்றே ஒன்று. காற்று இழுக்கும்போது நூல் விரலை அறுக்கும். ஆனாலும் தம்பியிடம் கொடுக்க மாட்டேன். பிறகு காகிதத்தில் இறால் வடை. ஓட்டோடு பொரிந்த இறால், மேலே காரமான வெங்காயம். அம்மா மட்டும் எதிலும் சேராமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவரை யாரும் அடுப்படிக்குக் கூப்பிடாத நேரம். அந்தப் படத்தில் முதுகு காட்டி இருந்த பெண்ணைப் பார்த்தபோது எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

குப்பையைப் பற்றிப் பேச மாட்டாயா என்பீர்கள். பேசுகிறேன். ஞாயிறு இரவு அங்கே கிடக்கும், சோறு சுற்றி வந்த லஞ்ச் ஷீட்டையும் அதைக் கிழிக்கும் காகங்களையும் நானும் பார்த்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாயின் ஓரத்தில் முடிச்சுப் போட்ட ஒரு பை, உள்ளே கசங்கிய லஞ்ச் ஷீட். பக்கத்தில் நான்கு சோடிச் செருப்புகள் வரிசையாக. இவர்களா உங்கள் நகரத்தை அசிங்கப்படுத்தினார்கள்?

வெளிநாட்டவர் என்ன நினைப்பார்கள் என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். அவர்கள் தங்கள் ஊர்ப் பூங்காவில் துணி விரித்துச் சாப்பிட்டால் அது பிக்னிக். அந்தப் படங்களுக்கு நீங்கள் இதயம் போடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2022இல் ஜனாதிபதி கோட்டாபய பதவி விலக வேண்டும் என்று இதே புல்லில் கூடாரம் போட்டு நூறு நாளுக்கு மேல் மக்கள் இருந்தார்களே, அப்போது அங்கே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட படத்தைப் பெருமையாகப் போட்டவர்கள் யார்? அன்றைக்குப் புரட்சியாக இருந்த சோறு இன்றைக்கு அநாகரிகமாகிவிட்டது.

1956 ஜூன் 5ஆம் திகதி சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவும் மற்றவர்களும் அங்கேதான் போய் அமர்ந்தார்கள். சும்மா இருந்தவர்களைக் கும்பல் அடித்தது. அப்பா அப்போது பள்ளிச் சிறுவன். பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்த பிறகும், அதைச் சொல்வார். சோற்றுப் பார்சலையும் சத்தியாக்கிரகத்தையும் முடிச்சுப் போடுகிறேன் என்று ஒருவர் வருவார், வரட்டும். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் புல்லில் யார் உட்காரலாம் என்று எவராவது தீர்ப்புச் சொன்னால் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்கிறது, என்ன செய்ய?

படத்தைப் போட்டவர் நேற்று அதை நீக்கிவிட்டாராம். 'பகிடிக்குத்தான் போட்டேன், இதற்குப் போய் இவ்வளவா' என்று உள்பெட்டியில் எனக்கு ஒரு வரி. அந்தக் குடும்பத்திடம் எதுவும் சொன்னாரா என்று கேட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.