அப்பா யார் என்று மட்டும் கேட்டவர்கள்

கேரளத்து நாயர் தரவாடுகளை, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அங்கே பொம்பளைக்குப் பல புருஷனாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐந்நூறு வருஷப் பழைய பேச்சு இது. 1500களின் தொடக்கத்தில் கோழிக்கோடு வந்த இத்தாலியர் வர்த்தேமாவும், போர்ச்சுக்கீசியர் பார்போசாவும் நாயர் பெண்களைப் பற்றி இதைத்தான் எழுதினார்கள். 1748ல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாந்தெஸ்கியு, இந்தியாவில் கால் வைக்காமலே, போர்வீரனைக் குடும்பப் பாசம் கட்டிப்போடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது என்று விளக்கமும் சொல்லிவிட்டார். 1811ல் ஜேம்ஸ் லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் இதையே காதல் சுதந்திரமாகக் கொண்டாடும் நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். திட்டியவரும் சரி, கொண்டாடியவரும் சரி, படுக்கையறையைத் தாண்டிப் பார்க்கவில்லை.

தாண்டிப் பார்த்தால் அங்கே ஒரு வீடு இருந்தது. விளக்கேற்றி வைத்து, மாப்பிள்ளை பெண்ணுக்குப் புடவை கொடுப்பார், அவ்வளவுதான், உறவு ஏற்பட்டுவிடும். அந்த உறவுக்குப் பெயர் சம்பந்தம். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், இரவில் அவர்தான் வந்து போவார். பிள்ளைகள் அம்மாவின் தரவாட்டைச் சேர்ந்தவர்கள், சொத்தும் அந்த வழியில்தான். ஒத்துவராவிட்டால் உறவை முறித்துக்கொள்ளலாம். புருஷன் செத்தால் விதவைக்கோலம் கிடையாது. நம் அக்கிரகாரங்களில் பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த அதே காலம் இது.

பெண்ணரசு என்றெல்லாம் சொல்லமாட்டேன். சாவி காரணவர் கையில், அதாவது மூத்த தாய்மாமன் கையில். நம்பூதிரிப் பிராமண ஆண்கள் நாயர் பெண்களோடு வைத்துக்கொண்ட சம்பந்தங்களில் சாதியின் அதிகாரம் அப்பட்டமாக இருந்தது.

ஆனால் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள், சம்பந்தம் சட்டப்படி கல்யாணமே அல்ல என்றன. 1891ல் இதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். தலைவர் நம்மூர் நீதிபதி முத்துசாமி ஐயர். உறுப்பினராக இருந்த மலையாள நாவலாசிரியர் சந்து மேனன், சம்பந்தமும் கல்யாணம்தான் என்று தனியாக எழுதிக் கொடுத்தார். 1896ல், சம்பந்தத்தைப் பதிவு செய்தால் கல்யாணமாக ஏற்போம் என்று சட்டம் வந்தது. மிகச் சிலரே பதிவு செய்தார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது ஏற்கெனவே கல்யாணம்தானே!

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. இங்கிலீஷ் படித்த நாயர் இளைஞர்களே தங்கள் அம்மாக்களின் கல்யாணத்தை நினைத்து வெட்கப்பட ஆரம்பித்தார்கள். காரணவரோடு இருந்த சொத்துத் தகராறும் சேர்ந்துகொண்டது. 1933ல் மலபாரில் பாகப்பிரிவினைக்குச் சட்டம் வழிவிட்டது. 1976ல் கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையே முடிந்தது. பெண்ணுக்குப் பங்கு கிடைத்தது, உண்மை. யாரும் அவளை வெளியே போ என்று சொல்ல முடியாத வீடு போய்விட்டது.