பழைய ஐசி, புதிய ஐசி, ஒரே ஆள்

போன வாரம் பினாங்கு பாயான் லெப்பாஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஷா-1லேர்ந்து ஷா-256க்கு மாற எதுக்கு ஆறு மாசத் திட்டம்? செட்டிங்ல ஒரு வரிய மாத்தினா முடிஞ்சிருமே." சேமிக்கும் தரவுக்கு அடையாள எண் போடும் பழைய முறை ஷா-1, புதிய முறை ஷா-256. சாப்பாடு ஆறிப்போகும் வரை அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. சேமிப்புக் கிளஸ்டர்களை, அதாவது பல கணினிகள் சேர்ந்து தரவைச் சேமிக்கும் அமைப்புகளை, பார்த்துக்கொள்ளும் வேலையில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், "நீ அப்படி என்னதான்டா வேலை பார்க்கிறாய்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கும் என் அக்காவுக்காகவும் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

அக்கா, உன் அலுவலகத்தில் ஒரே சுற்றறிக்கையை முந்நூறு பேருக்கு அனுப்பினால் முந்நூறு பிரதிகளும் சேமிப்பில் உட்காரும். அதை ஒன்றாக்குவதுதான் டீடூப். வருகிற தரவைச் சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு துண்டு சராசரியாக 8 கிலோபைட் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்குப் போட்டு நீண்ட எண் ஒன்றை எடுப்பார்கள். அதுதான் ஹேஷ், அந்தத் துண்டின் கைரேகை. அதே கைரேகை ஏற்கெனவே பட்டியலில் இருந்தால், துண்டை மறுபடி எழுதாமல் "அது அங்கே இருக்கிறது" என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துவிட்டு அமைப்பு அடுத்த துண்டுக்குப் போய்விடும். தினமும் பேக்கப் எடுக்கும் இடத்தில் இப்படி மிச்சமாகும் இடம் கொஞ்சநஞ்சமில்லை.

கைரேகை ஒன்றென்றால் துண்டும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையில்தான் இது மொத்தமும் நிற்கிறது. இரண்டு வெவ்வேறு துண்டுகளுக்கு ஒரே கைரேகை வந்துவிட்டால் (இதைத்தான் மோதல் என்பார்கள்), இரண்டாவதாக வந்தது எழுதப்படாமலே போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. என்றைக்கோ ஒரு நாள் கோப்பைத் திறக்கும்போது உள்ளே வேறு யாருடைய தரவோ இருக்கும்.

2002இல் பெல் லேப்ஸ் ஆய்வாளர்கள் வெண்டி என்ற சேமிப்பு அமைப்பை வெளியிட்டபோது, துண்டின் ஷா-1 எண்ணையே அதன் முகவரியாக வைத்தார்கள். அன்றைக்கு அது நல்ல முடிவு. தற்செயலாக மோதும் வாய்ப்பைப் பற்றிய அந்தக் கணக்கு இன்றும் சரிதான். 1 பெட்டாபைட் தரவை 8 கிலோபைட் துண்டுகளாக வெட்டினால் ஏறக்குறைய 137 பில்லியன் துண்டுகள் வரும். அவற்றில் ஏதாவது இரண்டுக்கு ஷா-1இன் 160 பிட் கைரேகை தானாக ஒத்துப்போகும் வாய்ப்பு, 2ஐ 87 முறை பெருக்கி வரும் எண்ணில் ஒரு பங்கு. அதற்கு முன் வட்டு எத்தனையோ முறை பழுதாகிவிடும். வேண்டுமென்றே மோதவிடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

எம்டி5 என்ற இன்னொரு பழைய கைரேகை முறையை 2004இலேயே சீனக் கணித ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 கைரேகை கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. அதைப் படித்துவிட்டு, "அதற்கு எவ்வளவு கணினி வேண்டியிருந்தது, நம் கிளஸ்டரை யார் அப்படித் தாக்கப் போகிறார்கள்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த இரண்டு கோப்புகளும் முதல் 320 பைட்டுக்குள் மட்டுமே வேறுபடுகின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொரு பைட்டும் ஒன்றே. ஆகவே கோப்பின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட்டை வெட்டி ஷா-1 போட்டாலும் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். கணக்கை ஏற்கெனவே ஒருவர் போட்டு முடித்துவிட்டார். அந்தக் கோப்புகளை இறக்கிக்கொள்ளும் எவரும், ஷா-1ஐ மட்டும் நம்பும் ஒரு டீடூப் அமைப்புக்குள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

அப்படித்தான் நடந்தது. அதே மாதம் வெப்கிட் என்ற உலாவி மென்பொருள் திட்டத்தின் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் (நிரல்களைப் பதிப்பு வாரியாக வைத்திருக்கும் இடம்) சோதனைக்காக அந்த இரண்டு கோப்புகளையும் ஏற்றினார்கள். சப்வெர்ஷன் உள்ளுக்குள் ஷா-1ஐ வைத்து ஒரே மாதிரிக் கோப்புகளை ஒன்றாக்கும் பழக்கம் உடையது. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது, களஞ்சியம் கெட்டது. பிழையைக் காட்டிக் கொடுத்தது கூடவே பதிந்து வைத்திருந்த எம்டி5. தனியாக நின்றால் யாரும் நம்பாத அந்தப் பழைய எண்தான், ஷா-1 ஒப்புக்கொண்ட கோப்பை ஒப்புக்கொள்ள மறுத்தது. இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கீழே இதற்குத் திரும்ப வருகிறேன்.

அமெரிக்காவில் தரநிலைகளை வகுக்கும் நிஸ்ட் நிறுவனம் 2030 டிசம்பர் 31க்குள் ஷா-1ஐ முற்றிலும் கைவிடச் சொல்லி 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. மாற வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி மாறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தத் தம்பி சொன்ன வழியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் வேலை செய்த ஓர் இடம், பெயர் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி செட்டிங்கை மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப் ஓடியது. வந்த துண்டுகளுக்கெல்லாம் புதிய கைரேகை. பட்டியலில் இருந்ததோ பழைய கைரேகை. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஏற்கெனவே இருந்த தரவு அத்தனையும் புதுத் தரவு என்று எண்ணி மறுபடி எழுதப்பட்டது. 60 விழுக்காடு நிறைந்திருந்த சேமிப்பு புதன்கிழமை 94ஐத் தொட்டது. பழைய பேக்கப்பை அழிக்கலாமா என்றால், ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டிய கணக்கு ஆவணங்கள் அதில் இருந்தன. புதிய வட்டுகள் வந்து சேரும் வரை எத்தனை பேர் தூங்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அந்த மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பிலும் செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) வகையை மாற்றினால், இனி எழுதப்படும் தொகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பழையவை பழைய செக்சமுடனேயே இருக்கும். முன்பே யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அப்பாவின் நிலப் பத்திரத்தில் இருப்பது அவருடைய பழைய ஐசி, அதாவது மலேசிய அடையாள அட்டை, எண். 1990இல் 12 இலக்கப் புதிய எண் வந்தது. அதற்காக அப்பா இரண்டு ஆளாகிவிடவில்லை, பழைய பத்திரத்தையும் யாரும் கிழித்துப் போடவில்லை. எத்தனையோ ஆண்டுகள் படிவங்களில் இரண்டு எண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. பத்திரத்தில் பெயர் மாற்றப் போனபோது அப்பாவை நேரில் வரச் சொல்லி, ஆளைப் பார்த்த பிறகுதான் இரண்டு எண்ணும் ஒருவருடையதே என்று எழுதிக்கொண்டார்கள். கைரேகை மாற்றத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதாவது, புதிதாக ஒரு துண்டு வந்தால் இரண்டு கைரேகையும் எடு. புதிய பட்டியலில் தேடு. இருந்தால் சரி. இல்லையென்றால் பழைய பட்டியலில் தேடு. அங்கே கிடைத்தால், கிடைத்தது என்பதற்காக நம்பிவிடாதே. சேமிப்பில் இருக்கும் பழைய துண்டைப் படித்து, வந்திருப்பதோடு பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார். இதுதான் ஆளை நேரில் பார்ப்பது. ஒன்றாக இருந்தால் பழைய துண்டுக்கே புதிய கைரேகையையும் எழுதி வை. வேறாக இருந்தால் தனித் துண்டாக எழுது, உடனே நிர்வாகியைக் கூப்பிடு. ஒரு துண்டுக்கு இந்தச் செலவு ஒரே ஒரு தடவைதான். தினமும் திரும்பத் திரும்ப வரும் தரவு சில வாரங்களில் தானாகவே புதிய எண்ணுக்கு வந்துவிடும்.

யாரும் தொடாமல் கிடக்கும் பழைய துண்டுகள்தான் மிச்சம். 1 பெட்டாபைட்டை வினாடிக்கு 1 கிகாபைட் வேகத்தில் படித்தால் சுமார் 12 நாள் ஆகும், அதுவும் வேறு வேலை எதுவும் செய்யாமல். அதற்காகத் தனியாக ஓடத் தேவையில்லை. வட்டில் தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஸ்க்ரப் என்ற சோதனை வேலை எப்படியும் ஒவ்வொரு துண்டையும் படிக்கிறது. படிக்கும்போதே பழைய கைரேகை சரியா என்று பார்த்துவிட்டு, அதே கையோடு புதியதையும் எடுத்து வைக்கலாம். எங்கள் ஆறு மாசத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். பழைய கைரேகையின் மேலேயே ஷா-256 போட்டுப் பட்டியலைச் சீக்கிரம் மாற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கூடவே கூடாது. பழைய எண் மோதினால் அதிலிருந்து பிறக்கும் எண்ணும் மோதும்.

ஒரே பெட்டியாக இருந்தால் கதை இத்துடன் முடிந்துவிடும். கிளஸ்டரில் கைரேகை பெயராக மட்டும் இருப்பதில்லை, பல அமைப்புகளில் முகவரியும் அதுதான். கைரேகையை வைத்தே துண்டு எந்த நோடில் (கிளஸ்டரில் உள்ள கணினியில்) இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். எண்ணை மாற்றினால் வீடும் மாறுகிறது. பத்து நோடு இருந்தால் பத்தில் ஒன்பது துண்டுகளுக்குப் புதிய எண் வேறொரு நோடைக் காட்டும். எல்லாவற்றையும் உடனே நகர்த்தினால் நெட்வொர்க் திணறிப்போகும். துண்டை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, புதிய முகவரியில் "அந்த நோடில் பார்" என்று ஒரு சின்னக் குறிப்பை வைப்பதுதான் நல்லது. பினாங்கில் ஒரு சாலைக்கு ஜாலான் மஸ்ஜிட் நெகிரி என்று பலகை வைத்துப் பல காலம் ஆகியும் நாம் கிரீன் லேன் என்றுதானே சொல்கிறோம், இரண்டில் எதைச் சொன்னாலும் வண்டி அதே இடத்துக்குத்தானே போகிறது.

இன்னொன்று, இதில்தான் தரவே போய்விடும். ஒவ்வொரு துண்டையும் எத்தனை கோப்புகள் பயன்படுத்துகின்றன என்று ஓர் எண்ணிக்கை வைத்திருப்பார்கள். அது பூஜ்யமானால் குப்பை அள்ளும் வேலை வந்து துண்டை அழித்துவிடும். ஒரு துண்டுக்கு இப்போது இரண்டு பெயர். பழைய பெயருக்கு ஓர் எண்ணிக்கை, புதிய பெயருக்கு ஓர் எண்ணிக்கை என்று தனித்தனியாக வைத்தால் என்ன ஆகும்? பழைய ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) யாரோ நீக்குவார்கள், பழைய பெயரின் எண்ணிக்கை பூஜ்யமாகும், துண்டு போய்விடும். புதிய பெயரை நம்பியிருக்கும் கோப்புகள் அத்தனையும் அனாதை. எண்ணிக்கை துண்டுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், பெயருக்கு ஒன்று கூடாது. இதை நான் அந்தத் தம்பியிடம் மூன்று முறை சொன்னேன், இங்கே ஒரு முறை சொல்கிறேன்.

எல்லா நோடுகளும் இரண்டு வகைக் கைரேகையையும் படிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு வந்த பிறகே, புதியதை எழுதத் தொடங்க வேண்டும். பட்டியலும் பெரிதாகும்: கைரேகை மட்டுமே 1 பெட்டாபைட்டுக்கு ஷா-1க்கு 2.7 டெராபைட், ஷா-256க்கு 4.4 டெராபைட். இரண்டும் சேர்ந்து இருக்கும் காலத்தில் 7க்கு மேல். அதற்கு வாங்க வேண்டிய எஸ்எஸ்டிக்குப் பணம் கேட்கத் தயங்காதீர்கள்.

இப்போது வெப்கிட்டுக்கு வருகிறேன். இவ்வளவு பாடுபட்டு மாற்றினாலும், மாற்றத்துக்கு முன்பே நடந்துவிட்ட மோதலை யாராலும் சரிசெய்ய முடியாது. இரண்டாவது துண்டு எழுதப்படவே இல்லையே. சேமிப்பில் இருக்கும் முதல் துண்டைப் படித்து, அதற்கு ஷா-256 போட்டு, தவறான தரவுக்குப் புத்தம்புதிய முத்திரை குத்திக் கொடுத்துவிடுவோம். அதன் பிறகு எல்லாச் சோதனையிலும் அது தேறும். கண்டுபிடிக்க ஒரே வழி, முழுக் கோப்புக்கென்று சேமிப்புக்கு வெளியே, வேறு முறையில் எடுத்து வைத்த செக்சம். அந்த எம்டி5 செய்த வேலை அதுதான். ஆகவே ஒன்றும் நடக்காதபோதே மாற வேண்டும். "இதுவரை பிரச்சினை வரவில்லையே, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று பட்ஜெட் கூட்டத்தில் சொல்பவரிடம், வந்திருந்தால் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேளுங்கள். நான் கேட்டேன். அறையில் யாரும் பதில் சொல்லவில்லை, பணம் கிடைத்தது.

சேமிப்பு அமைப்புகளை விற்பவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு கைரேகைக்கும் முன்னால் அது எந்த முறையில் எடுத்தது என்று ஒரு பைட் எழுதுங்கள், முதல் நாளிலிருந்தே. ஷா-256க்கும் ஒரு நாள் வயதாகும். எத்தனை துண்டுகள் இன்னும் பழைய கைரேகையில் மட்டும் இருக்கின்றன என்பதை நிர்வாகத் திரையிலேயே காட்டுங்கள். வாங்குகிறவர்கள் டெண்டரிலேயே இதைக் கேளுங்கள்.

எங்கள் கிளஸ்டரில் இன்று காலை பழைய கைரேகையில் மட்டும் இருக்கும் துண்டுகள் 41 விழுக்காடு. திங்கள் முதல் ஸ்க்ரப் அறிக்கையைத் தினமும் பார்க்கும் பொறுப்பை அந்தத் தம்பியிடமே கொடுத்திருக்கிறேன். கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், ராத்திரி வந்து பதில் எழுதுகிறேன்.