நடுத்தெருவில் தூக்கில் போட்டால் பயம் வருமா?

கொடூரமான கொலையோ, குழந்தைக்கு எதிரான வன்முறையோ செய்தியில் வந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த வரியும் வந்துவிடும்: "இவனையெல்லாம் நடுத்தெருவில் தூக்கில் போடணும், அப்பதான் அடுத்தவனுக்குப் பயம் வரும்." எழுதுகிறவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் "அடுத்தவனுக்குப் பயம் வரும்" என்பதைக் கோபத்தோடு சேர்த்து அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது நடக்குமா நடக்காதா என்று பார்க்க முடிகிற விஷயம். உலகம் அதைப் பல நூறு ஆண்டுகள் செய்தே பார்த்துவிட்டது.

இங்கிலாந்தில் 1800 வாக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. ஒரு ஷில்லிங்குக்கு (அந்நாட்டுப் பழைய நாணயம்) மேல் பிக்பாக்கெட் அடித்தாலே தூக்கு என்ற சட்டம் 1808 வரை நீடித்தது. லண்டனில் டைபர்ன் என்ற இடத்திலும், 1783-க்குப் பிறகு நியூகேட் சிறை வாசலிலும், ஊர் கூடி நிற்கத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பிக்பாக்கெட்காரர்கள் தொழில் நடத்தினார்கள்! எல்லோரும் தூக்குமரத்தை அண்ணாந்து பார்க்கிற நேரம்தான் அவர்களுக்கு வசதி. பிரிஸ்டல் சிறையில் மரண தண்டனைக் கைதிகளுக்குக் கடைசி நேரத்தில் துணை நின்ற பாதிரியார் ஒருவர், அவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன் ஒரு தூக்கையாவது நேரில் பார்த்தவர்கள் என்று சொல்லியிருக்கிறார். பார்த்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், பிறகு அவர்களே குற்றம் செய்தார்கள்.

இதில் இன்னொன்றும் நடந்தது. வீடு புகுந்து நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்று சட்டம் இருந்ததால், ஜூரிகள் களவு போன பொருளின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங்தான் என்று தீர்ப்பு எழுதினார்கள். இவ்வளவு சின்னக் குற்றத்துக்கு ஒருவனைக் கொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. தண்டனை கூடக் கூட அதைக் கொடுக்கிற கை தயங்கும். திருடனுக்கும் அது தெரியும்.

பொது இடத்தில் தூக்கிலிடுவதை பிரிட்டன் 1868-இல் நிறுத்தியது. அமெரிக்காவில் கடைசியாக நடந்தது 1936-இல், கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோவில். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திரண்டார்கள். பிரான்சில் 1939 ஜூனில் வெர்சாய் சிறை வாசலில், தலையை வெட்டும் இயந்திரமான கில்லட்டின் இறங்கியபோது கூட்டம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, அடுத்த சில நாட்களிலேயே அரசு அதைச் சிறைக்குள் கொண்டுபோய்விட்டது. கொலைகாரன் மேல் இரக்கப்பட்டு இதைச் செய்யவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைத்தான் அந்த அரசுகளால் சகிக்க முடியவில்லை.

"சவுதி மாதிரி சட்டம் வேண்டும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. போதைப்பொருள் கடத்தினால் தலை போகும் என்பது அங்கே பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். அப்படியும் 2024-இல் மட்டும் முந்நூறு பேருக்கு மேல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதில் கணிசமான வழக்குகள் போதைப்பொருள் வழக்குகள்தான், மாட்டியவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைகள். பயம் வேலை செய்திருந்தால் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டல்லவா வந்திருக்க வேண்டும்?

அப்படியானால் குற்றவாளி எதற்குத்தான் பயப்படுகிறான்? எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல பதில் டென்மார்க்கில் கிடைக்கிறது. 1944 செப்டம்பரில் ஜெர்மன் ஆக்கிரமிப்புப் படை அந்த நாட்டின் போலீஸ் படையையே கலைத்து, போலீசாரில் பலரைக் கைது செய்தது. போர் முடியும் வரை முறையான போலீஸ் இல்லை. பிடிபட்டவர்களுக்குத் தண்டனை முன்பைவிடக் கடுமையாகவே கிடைத்தது. ஆனாலும் வழிப்பறியும் திருட்டும் பல மடங்கு கூடின. அதே காலத்தில் மோசடி, கையாடல் போன்ற குற்றங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஏனென்றால் அந்தக் குற்றம் வெளியே வந்தாலே செய்தவன் யார் என்று தெரிந்துவிடும், துப்புத் துலக்கப் போலீஸ் வேண்டியதில்லை. மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தவன் அடங்கினான், மாட்டமாட்டோம் என்று நினைத்தவன் துணிந்தான். இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே இதைத்தான் எழுதினார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் அல்ல, அது தப்பாமல் கிடைக்கும் என்ற உறுதி.

கனடா 1976-இல் மரண தண்டனையை ஒழித்தபோது கொலைகள் பெருகிவிடும் என்றார்கள். கொலை விகிதம் அடுத்த பத்தாண்டுகளில் குறைந்தது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று அவற்றை வைத்து எதுவுமே சொல்ல முடியாது என்று 2012-இல் அறிவித்தது. உயிரை எடுப்பதற்கு இவ்வளவு பலவீனமான ஆதாரம் போதுமா?

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இருக்கும் பயம் வேறு. குழந்தையிடம் பாலியல் வன்முறை செய்தவனுக்கு, உயிரோடு விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், ஒரே சாட்சியான அந்தக் குழந்தையை உயிரோடு விட அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? குற்றவாளி பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவன், சில நேரம் மாமா, சித்தப்பா. அவன் தூக்கில் தொங்குவான் என்று தெரிந்தால் எத்தனை வீடுகள் புகார் கொடுக்கும்? குழந்தையின் வாயை அடைப்பதுதான் அதிகம் நடக்கும்.

"உன் வீட்டில் நடந்தால் இப்படிப் பேசுவாயா?" என்று கேட்பீர்கள். பேசமாட்டேன். என் கையால் கொல்லத்தான் தோன்றும். அதனால்தான் தீர்ப்பு என் கையில் இருக்கக் கூடாது. 1950-இல் லண்டனில் டிமோதி எவன்ஸ் என்பவரை, தன் பச்சைக் குழந்தையைக் கொன்றதாகச் சொல்லித் தூக்கிலிட்டார்கள். அவருக்கு எதிராக முக்கிய சாட்சி சொன்னவர் அதே வீட்டில் கீழே குடியிருந்த கிறிஸ்டி. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த வீட்டில் வேறு பெண்களின் சடலங்கள் கிடைத்தன. கிறிஸ்டி தொடர் கொலைகாரர் என்று தெரிந்தது, அவரையும் தூக்கிலிட்டார்கள். எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கினார்கள், செத்துப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு. குழந்தையைக் கொன்றவன் என்று சொல்லி அவரை நடுத்தெருவில் நிறுத்தியிருந்தால் நானும் நீங்களும் கல் எறிந்திருப்போம்.

கொடூரமாகக் கொன்றவன் வெளியே வரவே கூடாது என்றால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக உண்மையிலேயே சத்தம் போடுவதென்றால், கேட்க வேண்டியவை வேறு. புகாரை அன்றைக்கே வாங்குங்கள். தடயவியல் அறிக்கையை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுங்கள், மிரட்டலில் பிறழ விடாதீர்கள். வழக்கை ஆண்டுக்கணக்கில் வாய்தா போட்டு நகர்த்தாதீர்கள். இதற்கெல்லாம் ஆளும் பணமும் வேண்டும். தூக்குமரத்துக்குச் செலவு குறைவு, கைதட்டல் அதிகம். எந்த அரசுக்கும் தூக்குமரம்தான் சுலபம். அதை நாமே கேட்டு வாங்கி அவர்களுக்கு வேலையை மிச்சம் பண்ணிக் கொடுக்கிறோம்.