அடிப்படை எக்ஸெப்ஷனை அப்ஸ்ட்ராக்ட் ஆக்குங்கள்

வெப் அப்ளிகேஷன் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் புராஜெக்டில் எல்லா எக்ஸெப்ஷன்களுக்கும் (பிழை நேரும்போது கோட் எறியும் ஆப்ஜெக்டுகள்) தாயாக ஒரு கிளாஸ் இருக்குமே, அதை அப்ஸ்ட்ராக்ட் ஆக்கிவிடுங்கள். யாரும் அதையே நேரடியாக நியூ போட்டு உருவாக்கி எறிய முடியக் கூடாது; அதன் பிள்ளை கிளாஸ்களைத்தான் எறிய வேண்டும்.

புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் இடத்தில் கோட் ரிவ்யூ என் பொறுப்பு. கடலூர் முதுநகர் மீன் வியாபாரிகள் பில் போடுவதற்கான அப்ளிகேஷன் ஒன்று வந்தது. டேட்டாபேஸில் எது நடந்தாலும் தாய் கிளாஸான ஆப்எக்ஸெப்ஷன் மட்டும்தான், ஒரே வரி: "ஏதோ தவறு நடந்துவிட்டது." விடியற்காலையில் ஐஸ் உருகுவதற்குள் லோடு ஏற்ற வேண்டிய மனிதர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? திரும்பத் திரும்ப பட்டனை அமுக்குவார். பில் எண் ஏற்கெனவே பதிவானதுதான் பிரச்சினை என்றால், பொழுது விடியும்வரை அமுக்கினாலும் பலனில்லை. டேட்டாபேஸ் பதில் சொல்லத் தாமதித்ததுதான் காரணம் என்றால், அடுத்த அமுக்கலிலேயே வேலை முடிந்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே வாசகத்தைக் காட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் இதை அழகாகச் செய்திருக்கிறது. திரும்ப வரக் கூடாத மதிப்பு இரண்டாம் முறை வந்தால், ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒரு பிழை எண் தருகிறது: மைஎஸ்க்யூஎல் 1062 என்கிறது, போஸ்ட்கிரெஸ் 23505 என்கிறது, ஆரக்கிள் ஓஆர்ஏ-00001 என்கிறது. ஸ்பிரிங் மூன்றையும் டூப்ளிகேட்கீஎக்ஸெப்ஷன் ஆக்கிவிடுகிறது. உச்சியில் இருக்கும் டேட்டாஆக்ஸஸ்எக்ஸெப்ஷன் அப்ஸ்ட்ராக்ட். அதன் கீழே டிரான்ஸியன்ட் (தற்காலிகமானது), நான்டிரான்ஸியன்ட் (தற்காலிகமல்லாதது) என்று இரண்டு முக்கியக் கிளைகள், அவையும் அப்ஸ்ட்ராக்ட். மறுபடி முயன்றால் நடக்குமா, நடக்காதா என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கிளையிலேயே இருக்கிறது.

"இத்தனை கிளாஸ் எதுக்கு?" என்று டீமில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எக்ஸெப்ஷனைப் பிடிக்கிற (கேட்ச் செய்கிற) இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருந்தால் மட்டும் புது கிளாஸ் எழுதுங்கள். வாசகம் மட்டும்தான் மாறுகிறது என்றால் வேண்டவே வேண்டாம். அப்புறம், "மறுபடி முயலலாமா?" என்று தாய் கிளாஸில் ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (உள்ளே கோட் இல்லாத, பிள்ளை கிளாஸ் எழுத வேண்டிய மெத்தட்) வையுங்கள். அதற்குப் பதில் எழுதாத பிள்ளை கிளாஸை ஜாவா கம்பைல் ஆக விடாது. பிரவுசருக்கு 409 (ஏற்கெனவே இருப்பதோடு மோதல்) அனுப்புவதா 503 (சேவை இப்போது கிடைக்கவில்லை) அனுப்புவதா என்பதை, எக்ஸெப்ஷன்களை ஒரே இடத்தில் பிடிக்கும் ஸ்பிரிங்கின் கண்ட்ரோலர்அட்வைஸில் முடிவு செய்தால் போதும். பில் போடும் கோடுக்கு அந்த எண்கள் தெரியவே வேண்டாம்.

பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ பக்கம் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பைத்தானில் எக்ஸெப்ஷனோடு ஏபிசி-யையும் (கிளாஸை அப்ஸ்ட்ராக்ட் ஆக்க உதவும் அடிப்படை கிளாஸ்) சேர்த்து, மெத்தடுக்கு அப்ஸ்ட்ராக்ட்மெத்தட் என்ற குறி போட்டாலும் அந்த கிளாஸின் ஆப்ஜெக்ட் தடையில்லாமல் உருவாகிவிடும். அங்கே ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடிலேயே டைப்பைப் பார்த்து நீங்களாகத்தான் தடுக்க வேண்டும்.