மாதம் மிச்சம், மணிநேரம் அல்ல
"பன்னிரண்டே மாதங்களில் ஆன்லைன் எம்பிஏ, வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் மிச்சம்" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மிச்சமாவது மாதங்கள்தான், மணிநேரம் அல்ல. 15 வாரப் பாடத்தை ஏழெட்டு வாரத்தில் திணிப்பதற்குத்தான் விரைவுப் படிப்பு என்று பெயர். பெருங்குடியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இப்படியொரு வெளிநாட்டுப் படிப்பில் சேர்ந்தேன், இணையவழிக் கல்வி விற்கும் ஒரு எட்-டெக் நிறுவனம் வழியாக. தாம்பரம் திரும்பும் பஸ்ஸில் காதில் விரிவுரை ஓடிக்கொண்டிருக்கும். துரைப்பாக்கம் தாண்டுவதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடும். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வாரத்திலேயே நிதி மேலாண்மைத் தேர்வும் வந்து நின்றது. கணக்கு முடிந்தது, தேர்வைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒருவழியாகப் பட்டம் வாங்கி வேறு நிறுவனத்துக்குப் போனால், "இதற்கு இங்கே அங்கீகாரம் உண்டா?" என்றார் மனிதவள அதிகாரி. எட்-டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆன்லைனில் தரும் இத்தகைய பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. கட்டணம் குறைவு, இந்த மாதமே சேரப்போகிறேன் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: யுஜிசி அனுமதித்த ஆன்லைன் எம்பிஏ இங்கே இரண்டு ஆண்டுப் படிப்பு. அனுமதி பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியல் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. பணம் கட்டும் முன் பாருங்கள். நான் கட்டிய பிறகுதான் பார்த்தேன்.